எண்ண முடியாத ஒயர்

லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் வீடு. வேலையிடத்தில் அவனுக்குப் 'படிக்கட்டு' என்று பெயர் விழ வேறு காரணம் தேவைப்படவில்லை. அவனும் கோபித்துக்கொள்வதில்லை. நாற்பத்தெட்டு வயதில் மூச்சு வாங்காமல் ஏறுகிறேன், உங்களுக்கு ஒரு மாடிக்கே நாக்குத் தள்ளுகிறது என்பான்.

இருபத்திரண்டு வருஷமாக நோட்டு எழுதிவருகிறான். எந்தக் கட்டடம், என்ன கோளாறு, எப்படிச் சரியானது, பக்கத்தில் பென்சிலில் சர்க்யூட் படம். பதினாலு நோட்டு நிரம்பிவிட்டது. கம்பெனி கொடுக்கும் புத்தகத்தில் இல்லாததெல்லாம் அதில் இருந்தது. சந்தேகம் வந்த மெக்கானிக்கெல்லாம் அவனுக்குத்தான் போன் போடுவார்கள். சாப்பிடும்போது, சவரம் செய்யும்போது, ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தபோது. கேட்டுக் கேட்டு அவன் மனைவிக்கே பாதி பாடமாகிவிட்டது.

"அவரு குளிக்கிறாருப்பா. என்ன, கதவு மூடி மூடித் திறக்குதா? கீழ கதவு ஓடற பள்ளத்துல கல்லு கிடக்கும், பாரு."

கல்தான் கிடந்தது.

இந்தத் தொல்லைக்கு ஒரு வழி கண்டுபிடித்தான் படிக்கட்டு. பதினாலு நோட்டையும் ஸ்கேன் செய்து, ஒரு பழைய லேப்டாப்பில் வலைப்பக்கமாக்கினான். வீட்டுக்குள் எந்த அறையிலிருந்தும் போனில் பார்க்க முடிந்தது. ஆனால் வீட்டுக்குள் யாருக்கு வேண்டும் லிஃப்ட் சர்க்யூட் படம்? ஊரின் அந்தக் கோடியில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நிற்கிறவனுக்கல்லவா தெரிய வேண்டும். அதற்கு லேப்டாப்பை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட வேண்டும்.

மனைவி ஆராய்ச்சி மாணவர்களின் ஆய்வேடுகளை வீட்டிலிருந்தபடியே தட்டச்சு செய்து, பிழை திருத்திக் கொடுக்கிறவள். அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏங்க, உங்க நோட்ட ஊருக்கே காட்டுங்க, வேணாங்கல. ஆனா இதே வீட்டுலதான் என் கம்ப்யூட்டர்ல ஏழு பேரோட உழைப்பு இருக்கு. வேண்டாதவன் நுழைய வழி விட்டீங்கன்னு தெரிஞ்சுது, ஒயரப் பிடுங்கிருவேன். அப்புறம் கெஞ்சிக்கிட்டு பின்னாடி வரக்கூடாது."

"வரமாட்டேன்."

"சொல்லிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தங்கை வந்தாள். வங்கி ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை.

"மாமா, இன்டர்நெட்டுக்குத் திறக்கறதுன்னா வாசல்ல நின்னு வர்றவன் போறவனையெல்லாம் கூப்பிடறது இல்ல. ஒரே ஒரு கதவு. அது வழியா உங்க நோட்டு மட்டும் தெரியணும். மத்ததெல்லாம் செவுரு."

"தினம் கதவோட குடும்பம் நடத்தறவன் நான். எனக்கே கதவப் பத்திச் சொல்றியா?"

"உங்க கதவு தானா மூடிக்கும். இது மூடிக்காது."

லேப்டாப்பைத் துடைத்துப் புதிதாக எல்லாம் ஏற்றினாள். அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்தாள். ரூட்டரில் அதற்கென்று தனிப் பாதை போட்டாள். அங்கிருந்து அக்காவின் கம்ப்யூட்டருக்குப் போக வழி கிடையாது. பக்கத்தைப் பார்க்க மெக்கானிக் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல். லேப்டாப்பை நிர்வகிக்க உள்ளே நுழைவதற்கோ கடவுச்சொல்லே உதவாது. அதற்கு ஒரு சாவிக் கோப்பு வேண்டும், அது படிக்கட்டிடம் மட்டும் இருந்தது. வெளியிலிருந்து வருகிறவர்களை அந்த ஒற்றைக் கதவுக்கு அனுப்புகிற வரியை ரூட்டரில் எழுதுவதுதான் பாக்கி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"அந்த ஒரு வரிய நீங்களே போட்டுருங்க மாமா. லேப்டாப்போட நம்பர மட்டும் பாத்துப் போடுங்க."

பார்த்துத்தான் போட்டான். இரண்டு நாள் ஆகியும் வெளியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

லிஃப்ட்டில் எங்கே கோளாறு என்று பிடிபடாவிட்டால் ஜம்பர் போடுவார்கள். ஒரு முழ நீளச் சிவப்பு ஒயர், இரண்டு முனையிலும் கிளிப். கதவுப் பூட்டின் இணைப்பைத் தாண்டிக் கொடுத்துவிட்டால், லிஃப்ட் ஓடுகிறதா என்று பார்க்கலாம். ஓடினால் கோளாறு பூட்டில்தான். பிறகு ஜம்பரைக் கழற்றியே ஆகவேண்டும். மறந்தால் கதவு திறந்தபடியே லிஃப்ட் ஓடும், ஆள் விழுவான். அதனால் படிக்கட்டிடம் எப்போதும் ஐந்து சிவப்பு ஒயர்தான். ஐந்தும் சட்டைப்பைக்குத் திரும்பாமல் அவன் இடத்தை விட்டு நகர்ந்ததில்லை.

ரூட்டரிலும் அப்படி ஒன்று இருந்தது. எல்லாக் கதவையும் மொத்தமாக ஒரே கருவிக்குத் திறந்துவிடுகிற பொத்தான். சோதனைக்குத்தானே என்று அதைத் தட்டினான். ஊரின் எதிர்க்கோடியில் ஒரு லிஃப்ட் கூண்டின்மேல் நின்றிருந்த மொட்டைக்குப் போன் போட்டான். மொட்டை அவனுடைய பழைய கூட்டாளி.

"அண்ணே, தெரியுது! உங்க கோழிக் கிறுக்கல் அப்படியே தெரியுது!"

அப்படியானால் கோளாறு அந்த வரியில்தான். போய்ப் பார்த்தான். லேப்டாப்பின் எண் ஐம்பத்தொன்று, அவன் எழுதியிருந்தது பதினைந்து. திருத்தினான். மறுபடி மொட்டையைக் கேட்டான். இப்போதும் தெரிகிறது என்றான் மொட்டை. தெரியாமல் என்ன செய்யும்? ஜம்பர் இருக்கும்வரை லிஃப்ட் ஓடும்.

இரண்டு நாள் போன் அடிக்கவேயில்லை. போன் ரிப்பேரா என்று மனைவி எடுத்துப் பார்த்தாள். படிக்கட்டு சீட்டியடித்துக்கொண்டு சவரம் செய்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் மொட்டை கூப்பிட்டான். வேலை முடிந்தது, லிஃப்ட்டை ஒப்படைக்கப் போகிறேன், நோட்டு ரொம்ப உதவியது என்றான். படிக்கட்டு வழக்கம்போலக் கேட்டான்.

"ஜம்பர எண்ணிட்டியா?"

"அஞ்சும் பாக்கெட்லதாண்ணே இருக்கு."

படிக்கட்டின் கை தானாகத் தன் சட்டைப்பைக்குப் போனது, பாதியில் நின்றது.

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா?"

"எனக்கு ஒண்ணு குறையுதுடா."

"எங்க விட்டீங்க?"

"வீட்டுல."

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தான். இரண்டிரண்டு படியாக ஏறினான். ரூட்டரில் அந்தப் பொத்தான் போட்டபடியே இருந்தது. கையில் பிடித்து எண்ண ஒயர் இல்லாததால் மறந்துபோன முதல் ஜம்பர். அதை அணைத்துவிட்டு, லேப்டாப்பின் வருகைப் பதிவேட்டைத் திறந்தான். மூவாயிரத்துச் சொச்சம் பேர் தட்டிப் பார்த்திருந்தார்கள். ஒருவன் அட்மின் என்று சொல்லித் தட்டியிருந்தான், ஒருவன் டெஸ்ட், ஒருவன் கெஸ்ட். விருந்தாளியாம்.

அடுத்த அறையில் மனைவி தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். சொல்லாவிட்டால் தெரியப்போவதில்லை. அவன் எழுந்து போய்ச் சொன்னான்.

அவள் முழுவதும் கேட்டாள். எழுந்து வந்தாள். லேப்டாப்பை ரூட்டரோடு இணைத்த ஒயரைப் பிடுங்கிச் சுருட்டித் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். பிறகு தங்கைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். படிக்கட்டு பதிவேட்டை வாசித்துக் காட்டினான்.

"மாமா, லேப்டாப்புக்குள்ள யாரும் வந்த மாதிரி தெரியல. சாவி இல்லாம வர முடியாது. இருந்தாலும் 'மாதிரி'ங்கறத நம்பி உக்காந்துடக்கூடாது. தொடச்சிட்டு மொதல்லேர்ந்து போடுங்க. நோட்டுக்குத் தனிப் பிரதி இருக்குல்ல?"

"பென் டிரைவ்ல இருக்கு."

"ஏன்டி, என் கம்ப்யூட்டர்? அத மொதல்ல சொல்லு."

"உன் பக்கம் வர வழியே இல்லக்கா. அதுக்குத்தான தனிப் பாதை."

மனைவி பெருமூச்சு விட்டாள். ஆனால் இழுப்பறை திறக்கவில்லை.

படிக்கட்டு கெஞ்சவில்லை. சொன்ன சொல் இருந்தது. இரண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து, தங்கை செய்ததையெல்லாம் தானே மறுபடி செய்தான். ஒவ்வொன்றையும் பதினைந்தாவது நோட்டில் எழுதினான். கடைசியில் அந்த நோட்டை மனைவியின் மேசையில் விரித்து வைத்தான்.

"எங்க வேலையில, சரி பண்ணினவன் கையெழுத்துப் போட முடியாது. வேற ஒருத்தர் வந்து பாத்துத்தான் போடணும்."

"யாரு போடப் போறது?"

"நீ."

"இதுக்குப் பேரு கெஞ்சறது இல்லையா?"

"இல்ல. இன்ஸ்பெக்‌ஷன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இழுப்பறையைத் திறந்து ஒயரை நீட்டினாள்.

"அரை மணி நேரம். அப்புறம் திருப்பித் தந்துரணும்."

வைஃபை அணைத்த போனுடன் தெருவுக்கு இறங்கினாள். வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் வெளிக்கதவு தெரியாது என்று தங்கை சொல்லியிருந்தாள். தங்கை லைனில் இருந்து ஒவ்வொரு கதவாகச் சொல்ல, அவள் தெருமுனையில் நின்று தட்டிப் பார்த்தாள். படிக்கட்டு ஜன்னலில் நின்று அவள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நிமிரவேயில்லை. இவ்வளவு பொறுமையான இன்ஸ்பெக்டரை அவன் எந்தக் கட்டடத்திலும் பார்த்ததில்லை.

மூச்சு வாங்க மேலே வந்தாள்.

"ஒரு கதவுதான் பதில் சொல்லுது. மத்ததெல்லாம் கல்லு மாதிரி கெடக்கு."

அவன் பேனாவை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"ஆனா கையெழுத்துப் போட முடியாது."

"ஏன்?"

"போன்ல தெரியற மொதப் பக்கத்துல என்ன எழுதி வச்சிருக்கீங்க? 'ரிலேயைக் கழற்றி மாற்றிப் பொறுத்தவும்.' பொறுத்தவும்னா பொறுமையா இருக்கச் சொல்றீங்களா? அந்த ஆளு லிஃப்ட் மேல எத்தன நாளு பொறுத்துக்கிட்டு நிப்பாரு? பொருத்தவும். சின்ன ரு."

"இத எவன் பாக்கப் போறான்?"

"ஊரே பாக்கும்னுதான திறந்து விடறீங்க? நாலு எடத்துல இருக்கு."

அவன் உட்கார்ந்து பழைய நோட்டில் நாலையும் திருத்தி, மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றினான். அவள் நின்றபடியே பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு பதினைந்தாவது நோட்டில் 'சோதித்தவர்' என்ற இடத்தில் கையெழுத்திட்டு, தேதி போட்டு, அதன் கீழே, யாரும் கேட்காமலே, அடுத்த மாதச் சோதனைக்கும் ஒரு தேதி எழுதினாள். ஒயரை அவள் திருப்பிக் கேட்கவில்லை.