பலகமேல கெடந்த கறுப்புக் காலு

எங்க வூட்டுக்காரரக் கோட்டைக்குள்ள பலகமேல கெடத்தி, ஈரச் சாக்கு போத்தி, வீங்குன காலு ஒண்ண மட்டும் வெளிய நீட்டி வெச்சிருந்தாங்களே, அது இன்னும் என் கண்ணுலயே நிக்குது. கெளுத்தி முள்ளு குத்திச் சீழ் வெச்சுப் போச்சு. ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது.

பழவேற்காட்டுக் கோட்ட ஒலாந்தாக்காரங்களுது. வைத்தியரு மட்டும் ஜெர்மனிக்காரரு. அவருக்கு மீன் குடுக்கிறது நான்தான். மனுசன் வாங்குனமா போனமான்னு இருக்க மாட்டாரு, அவரு பாசைய எனக்கு ஊட்டிக்கினு நிப்பாரு. நல்ல மீனு, நல்ல நண்டு, நல்ல தண்ணி, நமக்கு எல்லாத்துக்கும் ஒரே 'நல்ல'. அவருக்கு அப்டி இல்ல. மீனுக்கு 'கூட்டர்', நண்டுக்கு 'கூட்ட', தண்ணிக்கு 'கூட்டஸ்'னு ஆளுக்கொரு வால் மொளைக்கும். மீனு நல்லா இருக்குன்னு பின்னால சொன்னா, வாலு அறுந்து வெறும் 'கூட்' ஆயிடும். உப்புக்கு 'ஸால்ட்ஸ்', 'இக்'னு ஒட்டுனா கரிக்குதுன்னு அர்த்தம், அதுக்கும் தனியா வாலு. "ஒங்க பாசையில மீன விட வாலுதான் ஜாஸ்தி தொர"ன்னா, தொப்ப குலுங்கச் சிரிப்பாரு.

அன்னிக்குச் சிரிக்கல. காலப் பாத்தாரு. பக்கத்துல நின்ன அவரு ஊரு சிப்பாய்கிட்ட "ஷ்வார்ட்ஸர் பூஸ்"ன்னாரு. கறுப்புக் காலு! காக்காவக் காட்டி அந்தக் கறுப்ப எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதான். சிப்பாயி ரம்பத்த எடுத்தாந்தான். காலு செத்துப்போச்சுன்னு நெனச்சுட்டாருன்னு அப்பதான் எனக்கு வெளங்குச்சு.

வல இத்துப் போவாம இருக்க, மரப்பட்ட அவிச்ச சாயத்துல போட்டு மிதிப்போம். மிதிச்சவன் காலு கரிக்கட்ட மாரி ஆயிடும், லேசுல போவாது. எங்க குப்பத்துல அது இன்னா அதிசயமா? தூக்கியாந்த ஒருத்தருக்கும் அத்தச் சொல்லணும்னு தோணல. நான் ஓடிப்போயி சாக்க இழுத்துப் போட்டு, முள்ளு குத்தாத இன்னொரு காலத் தூக்கிக் காட்டி, "ஷ்வார்ட்ஸ்! இதுவும் ஷ்வார்ட்ஸ்! வலச் சாயம் தொர!"ன்னு கத்துனேன். வாலாவது, தலையாவது.

வைத்தியரு குனிஞ்சு மோந்து பாத்தாரு. வீங்குன கால்ல கட்டவெரல நறுக்குன்னு கிள்ளுனாரு. "அய்யோ, எவண்டா அவன்!"னு எங்க வூட்டுக்காரரு போட்ட கூச்சல் கோட்ட வாச வரைக்கும் கேட்டுச்சாம். காலுக்கு உசுரு இருக்குன்னு தெரிஞ்சு, சிப்பாயி ரம்பத்தத் தரையில வெச்சுட்டான். கத்தியால கீறிச் சீழ மட்டும் எடுத்து வுட்டாரு.

அந்த வைத்தியரு எப்பவோ கப்பலேறிப் போயிட்டாரு. எங்க வூட்டுக்காரரு ரெண்டு காலாலயும் இன்னும் ஏரிக்கு எறங்குறாரு. ஆனா, கரையில படகுக்குப் பலக அறுக்குற சத்தம் கேட்டாப் போதும், என் கை தானாப் போயி அவரு காலப் புடிச்சுக்கும். "இன்னாடி?"ன்னு கேப்பாரு.

"ஒண்ணுமில்லய்யா, அழுக்கு இருக்கான்னு பாத்தேன்"னு சொல்லிடுவேன்.