அண்ணி வாசித்த எஞ்சின்

அந்தமானில், போர்ட் பிளேரை அடுத்த கராச்சர்மாவில் எங்கள் தகரக்கூரை வீட்டின் தாழ்வாரம். அண்ணன் தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார். எதிரே நாற்காலியில் அண்ணி, மடியில் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை விரித்துவைத்துச் சத்தமாக வாசிக்கிறார். அண்ணனின் தங்கை நான், உள்ளே அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சாலை வேலையிலிருந்து திரும்பிய அப்பா குடையை மடக்கியபடி வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் சாலை போடுகிற ஆட்களுக்கு மேஸ்திரி. வீட்டிலும் எல்லாரும் அவரவர் இடத்தில் இருக்கவேண்டும் என்று நினைப்பவர்.

"பொம்பள நாற்காலில, ஆம்பள தேங்காயோட தரையில. நல்லா இருக்குடா உன் ஏரோப்ளேன் உத்தியோகம்."

அண்ணன் தொடர்ந்து துருவினார். அண்ணிதான் எழுந்து, புத்தகத்துக்குள் விரலை வைத்தபடியே சொன்னார். "புஸ்தகத்தப் பிடிக்கவே எனக்கு ரெண்டு கையும் வேண்டியிருக்கு மாமா. அவரு துருவினாத்தான் இன்னிக்குக் குழம்பு."

அப்பாவின் கோபத்துக்குக் காரணம் தேங்காய் அல்ல. அண்ணன் படகு எஞ்சின்கள் பழுது பார்க்கும் அரசாங்கப் பட்டறையில் நிரந்தர வேலையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு விமானத்தளத்தில் ஹெல்பராகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் போர்ட் பிளேருக்கு விமானம் வருவதே எப்போதாவதுதான். கல்கத்தாவில் கிளம்பி ரங்கூனில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு வரும். அதோடு கூடவே ஒரு பராமரிப்புப் பொறியாளர் வருவார். அவர் இறங்கி, எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் திரும்பிப் போகும். அண்ணனின் கைவேலையைப் பார்த்த அந்தப் பொறியாளர்தான் ஒரு நாள் சொன்னாராம்: லைசென்ஸ் பரீட்சை எழுதி பாஸ் பண்ணு, விமானம் இறங்குகிற ஊரில் எல்லாம் உனக்கு வேலை இருக்கும் என்று. இங்கேயே தங்கி வேலை பார்க்க லைசென்ஸ் உள்ள ஓர் ஆளைக் கம்பெனி சீக்கிரம் நியமிக்கப்போவதாகவும் பேச்சு இருந்தது. அந்த ஒற்றை இடத்தை நம்பித்தான் அண்ணன் நிரந்தர வேலையை உதறினார்.

பரீட்சை முழுக்க ஆங்கிலத்தில். அண்ணனுக்கோ எட்டாம் வகுப்புத் தமிழும் பஜார் இந்தியும்தான். அண்ணி ரங்கூனில் பிறந்து, அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவர். பர்மாவில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, போட்டிருந்த துணியோடு கப்பலேறி வந்த குடும்பம் அவருடையது. கொண்டுவந்த சொத்து ஆங்கிலம் ஒன்றுதான் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். எங்கள் அம்மா இல்லாத வீட்டுக்கு அவர் மருமகளாக வந்த பிறகுதான் அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது.

அவர் ஒரு வரி வாசிப்பார். அதைத் தமிழில் சொல்லிப் பார்ப்பார். புரியாவிட்டால் அண்ணனிடம் கேட்பார். "ஏங்க, மேக்னெட்டோன்னு போட்டிருக்கே, அது எப்படி இருக்கும்?" அண்ணன் கையால் காற்றில் வரைந்து காட்டி, "இம்புட்டு இருக்கும். தொட்டாச் சுள்ளுன்னு அடிக்கும். அதுதான் பொறி கொடுக்குது" என்பார். அண்ணிக்குத் தெரிந்தது சொல். அண்ணனுக்குத் தெரிந்தது பொருள். இரண்டும் எங்கள் தாழ்வாரத்தில் மாலைதோறும் சந்தித்துக்கொண்டன. நாலு வீச்சு எஞ்சின் வேலை செய்யும் விதத்தை அண்ணி, "உறிஞ்சு, அமுக்கு, எரி, தள்ளு" என்று தாளம் போட்டுச் சொல்வார். நான் அதே தாளத்தில் துணி துவைத்திருக்கிறேன்.

கொஞ்ச நாளில் இன்னொருவரும் வந்து சேர்ந்தார். அண்ணனோடு ஹெல்பராக இருந்த வங்காளி இளைஞர். பக்கத்துச் சிப்பிகாட் கிராமத்தில் அவர்கள் குடும்பத்துக்கு அரசாங்கம் நிலம் கொடுத்திருந்தது. அங்கிருந்து சைக்கிளில் வருவார். அண்ணியை 'பௌதி' என்று கூப்பிடுவார். அவர்கள் பாஷையில் அண்ணி என்று பொருள். அவருக்காக அண்ணி இந்தியிலும் ஒரு தரம் சொல்லுவார். சும்மா உட்கார்ந்து கேட்கக் கூச்சப்பட்டு, அவர் எங்களுக்கு மீன் கழுவிக் கொடுப்பார். அப்பா அந்தக் காட்சியையும் பார்த்தார். இந்த முறை குடையை மூலையில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இருவரும் ஒரே கப்பலில் கல்கத்தா போய்ப் பரீட்சை எழுதினார்கள். வங்காளித் தம்பி பாஸ். அண்ணன் வாய்மொழித் தேர்வில் விழுந்துவிட்டார். கேள்வி கேட்டவுடன் வழக்கம்போல் கையால் வரைந்து காட்டியிருக்கிறார். காட்டாதே, சொல் என்றிருக்கிறார்கள். "கை பேசுது, வாய் பேசமாட்டேங்குது" என்று கப்பலிலிருந்து இறங்கியதும் அண்ணியிடம் சொன்னார். நாங்கள் காத்திருந்த அந்த ஒற்றை இடமும் வங்காளித் தம்பிக்கே போயிற்று.

அவர் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி, உள்ளே வரத் தயங்கி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அண்ணி அவரை இழுக்காத குறையாக உள்ளே கூட்டிவந்து, பாயசம் வைத்துக் கொடுத்தார். பிறகு அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "நான் வாசிச்சதக் கேட்டுத்தானே இவன் பாஸ் பண்ணான்? அப்ப நானும் பாஸ். இந்த வீட்டுல ஃபெயிலானது நீங்க ஒருத்தர்தான்." அண்ணன் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அண்ணி அப்படிச் சொல்லியிருக்கவேண்டும்.

வங்காளித் தம்பி வேலையில் அமர்ந்ததும் செய்த முதல் காரியம், மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி அண்ணியை விமானத்தளத்துக்குக் கூப்பிட்டதுதான். "பௌதி, இவ்வளவு படிச்சீங்க. ஒரு தடவை வந்து பாருங்க" என்றார் இந்தியில். நானும் கூடப் போனேன். விமானம் வந்து நின்று, பயணிகள் போன பிறகு, எஞ்சின் மூடியைத் திறந்துவைத்தார். அண்ணி சேலையைச் செருகிக்கொண்டு மர ஏணியில் ஏறினார். ஒவ்வொன்றாக விரல் நீட்டிப் பெயர் சொல்ல ஆரம்பித்தார். சிலிண்டர். வால்வு. எண்ணெய்க் குழாய். கல்யாண வீட்டில் நெடுநாள் பார்க்காத சொந்தக்காரர்களை அடையாளம் கண்டுபிடிப்பவரைப் போல இருந்தது. மேக்னெட்டோ வந்ததும், "இம்புட்டுக்கூண்டா இது? நான் அண்டா மாதிரி இருக்கும்னுல்ல நெனச்சேன்" என்றார். கீழே நின்ற எல்லாரும் சிரித்தோம்.

இரண்டாவது முயற்சிக்கு அண்ணி முறையை மாற்றினார். அண்ணனின் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். தான் பரீட்சை அதிகாரியாக நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். களை போதவில்லை என்று தோன்றியதோ என்னவோ, அப்பாவிடம் போய்க் கண்ணாடியைக் கேட்டார். அப்பா தயங்கிக் கழற்றிக் கொடுத்தார். கண்ணாடி இல்லாமல் வேறு வேலை ஓடாததால் அங்கேயே உட்கார்ந்தும்விட்டார். "எஸ், மிஸ்டர்" என்று அண்ணி ஆங்கிலத்தில் அதட்டுவார். "எஸ், மேடம்" என்று அண்ணன் நெளிவார். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் ஒரு மாலை அண்ணி கேள்வி கேட்டு முடித்ததும், "மேக்னெட்டோவ விட்டுட்டியேம்மா" என்றார். அதன் பிறகு அவர் அந்த நேரத்துக்கு வெளியே போனதே இல்லை.

அண்ணன் மறுபடி கல்கத்தா போனார். வாரங்கள் போயின. ஒரு முற்பகலில் வங்காளித் தம்பி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, மூச்சு வாங்க, "பௌதி, தாதா ஆ கயா. ஜஹாஸ் மே" என்றார். அண்ணன் விமானத்தில் வந்திருக்கிறார் என்றதுமே எங்களுக்குப் புரிந்துவிட்டது. பரீட்சையில் தேறி, கல்கத்தாவில் வேலையும் கிடைத்து, அந்த விமானத்தோடு வரும் பொறியாளராகவே இறங்கியிருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்கு வந்த அப்பா அன்று வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. அபர்டீன் பஜாருக்குப் போய், தெரிந்த கடைக்காரர்களிடமெல்லாம், "என் மருமக படிச்சு என் மகன் பாஸாயிட்டான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அண்ணி கல்கத்தா கிளம்பும்போது கர்ப்பமாக இருந்தார். துணைக்கு என்னை அனுப்பினார்கள். எனக்கு அதுதான் முதல் விமானப் பயணம். அண்ணனும் அதே விமானத்தில், ஆனால் வேலையில். ரங்கூனில் எண்ணெய் போட எல்லாரையும் இறக்கி ஒரு கூடத்தில் உட்காரவைத்தார்கள். வெளியே போக அனுமதி இல்லை. கண்ணாடிக்கு அப்பால் அண்ணி பிறந்த ஊர் வெயிலில் கிடந்தது. அழுவார் என்று பயந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவரோ கையை விடுவித்துக்கொண்டு, தேநீர் விற்றுக்கொண்டிருந்த பர்மாக்காரப் பெண்ணிடம் போய் அவள் பாஷையில் பேச ஆரம்பித்தார். நான் அதுவரை கேட்டிராத குரல் அது. துள்ளுகிற, சின்னப் பெண்ணின் குரல். அவள் கண்ணாடி வழியே விமானத்தைக் காட்டி ஏதோ கேட்டாள். அங்கே அண்ணன் ஏணிமேல் நின்று எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார். அண்ணி பதில் சொன்னதும் அவள் தேநீருக்குக் காசு வாங்கமாட்டேன் என்று கையசைத்துவிட்டாள்.

இன்று போர்ட் பிளேருக்கு விமானங்கள் நேராகவே வந்து இறங்குகின்றன. ரங்கூனில் யாரும் நிற்பதில்லை. சென்னை விமான நிலையத்தில், இறக்கைக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தபடி நடக்கும் பொறியாளர்களில் பெண் பிள்ளைகளையும் பார்க்கிறேன். அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகளோ, பார்த்ததும் மனம் நிறைந்துவிடுகிறது.

அன்று ரங்கூன் கூடத்தில் நான் அண்ணியைக் கேட்டேன், அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னீர்கள் என்று. அவர் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "அந்த மனுஷன் கையெழுத்துப் போட்டாத்தான் இந்த ஆகாசக் கப்பல் பறக்கும், அவரு என் வீட்டுக்காரர்னு சொன்னேன். அவரு என்கிட்டதான் படிச்சாருன்னும் சொன்னேன்."