காப்பில் விழுந்த பெருவிரல் பள்ளம்

என் இடக்கைக் காப்பில், கொடிவேலை முடியும் இடத்தில், ஒரு பெருவிரல் அளவுக்குப் பள்ளம் இருந்தது. மகளின் கல்யாணத்துக்கு முன் அதைக் கழுவிச் சரிசெய்யலாம் என்று அட்டன் கடைத்தெருவிலுள்ள பத்தரிடம் கொண்டுபோனேன். "எங்கயாவது நசுங்கிருச்சாம்மா?" என்று கேட்டார். நசுங்கவில்லை, என் மாமியார் அழுத்தினார் என்று சொன்னால் அவருக்கு என்ன விளங்கும்? "வச்சிட்டுப் போங்க, சாயங்காலமா வந்து வாங்கிக்கலாம்" என்றார். நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மருமகளாகப் போனேன். மாமனார் அதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டார். மாமியார் என்னை நம்பவில்லை என்று சொன்னால் அவருக்கு அநியாயம் செய்ததாகும். அவர் யாரையுமே நம்பியதில்லை. கொழுந்து நிறுக்கும்போது தராசை நம்பமாட்டார். கடைக்கார நானா அளந்து போடும் அரிசியை நம்பமாட்டார். மழை விட்டுவிட்டது என்று லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராக்காரி சொன்னால், தானே வாசலுக்குப் போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் மழைக்குக் கட்டிய படங்குச் சாக்கைக் கழற்றுவார். நான் கொண்டுவந்த தோடு, சங்கிலி, காப்பு எல்லாம் வந்த வேகத்திலேயே அவருடைய தகரப் பெட்டிக்குள் போய்விட்டன. "லயத்துல கண்ணு ஜாஸ்தி புள்ள. நான் வச்சிருக்கேன்." சாவி அவர் இடுப்பில். என் நகையை நான் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மாரியம்மன் திருவிழா வரவேண்டும்.

திருவிழாவுக்கு முன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமை, கதவைச் சாத்திக்கொண்டு நகை கழுவ உட்காருவார். முதலில் அவருடைய வெள்ளித் தண்டை. கெட்டியான உருப்படி. புளித் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, எடுத்துத் திருநீற்றால் தேய்த்தால் நிலாத் துண்டு மாதிரி வரும். என் தங்கத்துக்கு மட்டும் தனி மரியாதை. வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டை நுரை, அதை விரல் நுனியால் தடவிவிட்டு, நைந்த சேலைத் துண்டால் ஒற்றி எடுப்பார். பிரஷ் கூடாது, தங்கம் தேய்ந்துவிடும். கழுவிய தண்ணீரையும் கொட்டவிடமாட்டார். வெள்ளைத் துணியில் வடிகட்டி, துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். ஒருநாளும் அதில் ஒரு பொட்டுத் தங்கம் சிக்கியதில்லை. அதில் அவருக்கு நிம்மதியும் கிடைத்ததில்லை; துணி சரியில்லை என்பார்.

மூன்றாவது திருவிழாவுக்குச் சில நாள் முன்பு, வலப்பனையிலிருந்து என் தம்பி வந்து தங்கிவிட்டுப் போனான். வீடென்று இருந்தது ஒரே காம்பரா, அவன் படுத்தது தகரப் பெட்டிக்குப் பக்கத்தில். அவ்வளவு போதும் மாமியாருக்கு. அந்த ஞாயிறு பெட்டியைத் திறந்தால், ஈரத்திலும் அடுப்புப் புகையிலும் காப்பின் கொடிவேலை கறுத்துக் கிடந்தது. பூந்திக்கொட்டைக்கு அது மசியவில்லை. தங்கம் கறுக்குமா என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது வாசலிலேயே ஒரு வாடை. தபால் கந்தோரில் பார்சலுக்கு முத்திரை வைக்கும்போது எழுமே, அதே வாடை. உள்ளே அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. மாமியார் காப்பை என் கையில் வைத்தார்.

"இது உன் காப்பு இல்ல. தூக்கிப் பாரு, காத்தாட்டம் இருக்கு. உன் தம்பி வந்தப்ப நல்லதக் குடுத்துவிட்டுட்டு இத வச்சிட்ட."

தூக்கிப் பார்த்தேன். உண்மையாகவே பாரம் இல்லை. சத்தம் கேட்டுப் பக்கத்துக் காம்பரா அக்கா வந்துவிட்டார். என் கணவர் நிலைப்படியில் நின்று சுவரைப் பார்த்தார். அந்த வீட்டில் அவருக்குத் தெரிந்த ஒரே நியாயம் அதுதான். "தோட்டத் தலைவரக் கூப்பிடு. தம்பிக்காரன் காப்போட வரட்டும். இல்லாட்டி நீயும் அவனோடயே போயிரு" என்று மாமியார் சத்தம் போட்டார். தம்பி அப்போதுதான் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். திருடன் என்ற பேச்சு பஸ் ஏறி வலப்பனைக்குப் போனால் அவனை எந்தக் கடையில் வைப்பார்கள்? எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"தண்ணிய இன்னும் வடிகட்டலயே அத்தே. எப்பவும் செய்வீங்கல்ல? செய்யுங்க" என்றேன். அவரைக் குத்திக்காட்டத்தான் சொன்னேன், வேறு யோசனை எதுவும் எனக்கு இல்லை.

வடிகட்டினார். முதல் தடவையாகத் துணியில் ஏதோ சிக்கியது. கருஞ்சிவப்பாக, விரலில் ஒட்டும் கட்டி. பக்கத்துக் காம்பரா அக்கா குனிந்து முகர்ந்து பார்த்தார். "அரக்குதானே இது! காப்பு உள்ள கூடா இருந்தா நசுங்கிரும்னு பத்தர்மாரு இதத்தான் ஊத்தி அடைப்பாங்க. எங்க அம்மா காப்புலயும் இருந்திச்சு. கொதிக்க வச்சா உருகாம என்ன செய்யும்?"

மாமியார் அதையும் நம்பவில்லை. என் கையிலிருந்து காப்பைப் பிடுங்கிப் பெருவிரலால் அழுத்தினார். அமுங்கியது. அழுத்திய விரலை எடுக்காமல் அப்படியே நின்றார். தாலி தவிர வேறு தங்கம் போட்டறியாதவர். கெட்டி வெள்ளிக்குச் செய்ததைத் தங்கத்துக்கும் செய்துவிட்டார். ஒரு கணம் எனக்குப் பாவமாக இருந்தது. மறுகணம் தம்பியின் முகம் நினைவுக்கு வந்தது, பாவமெல்லாம் போய்விட்டது.

அடுத்த வாரமே என்னை அட்டனுக்குக் கூட்டிப்போனார். அந்தக் காலத்துப் பத்தர் காப்பைத் தட்டிப் பார்த்து, "யாரு இதக் கொதிக்க வச்சது?" என்று கேட்டார். "என் மருமவதான். சின்னப் புள்ள, தெரியாமச் செஞ்சிருச்சு" என்றார் மாமியார், கண் இமைக்காமல். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பத்தர் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். "நெருப்புல போட்டு நீங்க என்ன எடுப்பீங்கன்னு எனக்கென்ன தெரியும்?" என்று மாமியார் காப்பை மடியில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். பஸ் நிலையத்தில் ஒரு வடை வாங்கி என் கையில் வைத்தார், தனக்கு வாங்கவில்லை. அவரிடமிருந்து மன்னிப்பு என்று எனக்குக் கிடைத்தது அதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் நானும் தின்றேன்.

அறுபதுகளின் நடுவில் அவர் இறந்தபோது பெட்டிச் சாவி என்னிடம் வந்தது. நகைகளோடு ஒரு துணி முடிச்சும் இருந்தது. அவிழ்த்தால் அந்த அரக்குக் கட்டி. செய்த தப்பை மறக்கக்கூடாது என்று வைத்திருந்தாரா, அதில் தங்கம் ஒட்டியிருக்கும் என்று வைத்திருந்தாரா? முதலாவது என்று நினைக்கத்தான் ஆசை. நம்பத்தான் முடியவில்லை.

இப்போது இந்தப் பத்தர் காப்புக்குச் சூடு காட்டினார். கையோடு கொண்டுவந்த முடிச்சை அவிழ்த்து அந்தக் கட்டியைக் கொடுத்தேன். கறுத்துவிட்டது என்றாலும், புது அரக்கோடு சேர்த்து உருக்கிக்கொண்டார். எனக்கு வாங்கிவந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. டீக்குக் குனிந்தால் அவர் கையிலிருந்து கண் விலகிவிடும் என்று தொடவில்லை. அப்படி உட்கார்ந்திருந்தும், அந்தப் பள்ளம் நிமிர்ந்த நேரத்தை நான் பார்க்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

கழுவித் துடைத்துக் கையில் வைத்தார். பாரமாக இருந்தது. பெருவிரலால் தடவித் தேடினேன், எங்கும் வழவழவென்றிருந்தது. இத்தனை வருடம் என்னுடையது என்று காட்டிய அடையாளம் அது ஒன்றுதான்.

"பத்தரே, இது என் காப்பு இல்ல" என்றேன். குரல் அப்படியே மாமியாருடையது.