பின்சக்கரத்துக்குக் கனம்

உத்திராபதிக்கு இந்த உலகத்தில் மதிக்கத் தகுந்த ஆள் என்று ஒருவரும் கிடைத்ததில்லை. அரியலூர் ஸ்டாண்டில் நிற்கும் டாக்சிக்காரர்களைத் தார் ரோட்டுப் பிள்ளைகள் என்பான். பஸ் டிரைவர்கள் விசில் ஊதினால் கிளம்பி விசில் ஊதினால் நிற்கிறவர்கள், அவர்களுக்கு மூளை எதற்கு என்பான். மாட்டு வண்டிக்காரர்களைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டான், துப்புவதோடு சரி. இவ்வளவு இளக்காரத்தையும் சுமந்துகொண்டு திரிந்தவனுக்குச் சொந்தமாக இருந்தவை ஒரு லைசென்ஸ், இரண்டு காக்கிச் சட்டை, காலனித் தெருவில் ஒரு கூரை வீடு. ஓட்டிய அம்பாசிடர் கார் நடராசனுடையது.

நடராசன் அந்த ஊரின் பெரிய நிலக்காரர். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் ரோட்டை விட்டுத் தெற்கே நாலு மைல் உள்ளே போனால் ஊர். அந்த நாலு மைலும், ஊரைத் தாண்டி எந்தப் பக்கம் போனாலும், கரிசல் தரை. வெயில் காலத்தில் கல்லாகக் கிடக்கும். ஐப்பசி மழை ஒரு மணி நேரம் விழுந்தால் போதும், நனைந்த சோப்புக் கட்டி மேல் நடக்கிற மாதிரி ஆகிவிடும். நடக்கிறவன் காலில் ஒரு படி மண் ஒட்டிக்கொண்டு வரும்.

அந்தச் சேற்றில் கார் ஓட்ட ஜில்லாவிலேயே ஒரு ஆள்தான் உண்டு என்பது உத்திராபதியின் அபிப்பிராயம். அதில் முக்கால்வாசி உண்மை என்பதுதான் மற்றவர்களுக்கு எரிச்சல். அம்பாசிடரில் கனமெல்லாம் முன்னால் எஞ்சினில் இருக்கிறது, ஆனால் வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம். பின்னால் கனம் இல்லையென்றால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றித் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். ஆகவே சேற்றில் இறங்குமுன் செகண்ட் கியரில் போட்டுவிட வேண்டும், ஆக்சிலேட்டரை மிதிக்காமல் தடவ வேண்டும், பின்பக்கம் வழுக்கினால் வழுக்குகிற பக்கமே ஸ்டீரிங்கைத் திருப்ப வேண்டும், என்ன ஆனாலும் பிரேக்கைத் தொடக்கூடாது. இதெல்லாம் கை வேலை. கனத்துக்கு அவன் வைத்திருந்தது ஆட்டுக்கல்.

அது அவன் வீட்டு ஆட்டுக்கல். வருஷா வருஷம் ஐப்பசி பிறந்ததும் நாலு பேரைக் கூப்பிட்டு அதைத் தூக்கி டிக்கியில் ஏற்றுவான். கார்த்திகை முடிந்துதான் இறக்குவான். ஒரு தரம் பாறைக் கற்களைப் போட்டுப் பார்த்ததில் அவை உருண்டு டிக்கியை நெளித்துவிட்டன, நடராசனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். ஆட்டுக்கல் உருளாது, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டு மாதம் அவன் மனைவி இருசம்மாள் மாவு ஆட்டப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு உண்ணாமலையிடம் போய் நிற்பாள். பன்னிரண்டு வருஷம் நின்றாள். நடராசன் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, கோர்ட்டுக் கேஸ் எல்லாவற்றுக்கும் அந்தக் கல் காரில் போய் வந்தது. இருசம்மாள் ஒரு நாளும் அந்தக் காரில் ஏறியதில்லை. காலனித் தெருப் பெண் எவளும் ஏறியதில்லை.

இந்த இளக்காரத்துக்கெல்லாம் அடியில் ஒரு பயம் இருந்தது. அவன் அப்பா செல்லக்கண்ணு, நடராசன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் பிறந்து, அங்கேயே செத்தார் என்று சொன்னால் பெரிய பொய் ஆகாது. உத்திராபதியும் பதினைந்து வயது வரை அந்த மாடுகளுக்குப் பின்னால்தான் நடந்தான். சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராகத் தொத்திக்கொண்டு ஓடி, அடி வாங்கி, ஸ்டீரிங் பிடித்து அதிலிருந்து தப்பித்தான். அதனால்தான் ஸ்டாண்டு டீக்கடையில் ஊரே கேட்க ஒரு சபதம் போட்டு வைத்திருந்தான்.

"நான் ஓட்டுற வண்டிய என்னைக்கு மாடு கட்டி இழுக்குறாங்களோ, அன்னைக்கே சாவிய அய்யா கையில குடுத்துட்டு மாடு மேய்க்கப் போயிடறேன்."

வருஷத்துக்கு நாலு தரமாவது சொல்லுவான். கேட்டவர்கள் எல்லாரும் அந்த நாளுக்காகக் காத்திருந்தார்கள். அதிகமாகக் காத்திருந்தவன் பழனிவேல். இப்போது நடராசன் வீட்டு மாடுகளைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான். ஒரே தெரு, உறவு முறையில் உத்திராபதி அவனுக்கு மாமா. மாமா அவனைச் சாணி வாசனை என்று மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கூப்பிடுவான்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் மழை பிந்தியது. கல்லை ஏற்ற அவசரமில்லை என்று உத்திராபதி இருந்துவிட்டான். ஒரு வெள்ளிக்கிழமை நடராசனின் மகனுக்கு நிச்சயதார்த்தம், பெண் வீடு ஏழு மைல். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். காலை ஏழு மணிக்கே நடராசனையும் அவர் மனைவி முத்தாயியையும் மாப்பிள்ளையையும் கொண்டுபோய் இறக்கினான். வானம் கறுத்திருந்தது, தரை காய்ந்திருந்தது. இறங்கித் தட்டுகளை வரிசை வைத்த பிறகுதான் முத்தாயிக்கு நினைவு வந்தது, பெண்ணுக்கு எடுத்த பட்டுப்புடவை வீட்டு ஊஞ்சலிலேயே இருக்கிறது.

"ஓடு. பத்தரைக்கு முன்னாடி புடவை இங்க இருக்கணும். இல்லன்னா நீ வரவே வேணாம்" என்றார் நடராசன்.

இவர்களுக்குப் பழம் எண்ணத் தெரியும், பாக்கு எண்ணத் தெரியும், புடவைதான் மறக்கும் என்று உத்திராபதி வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தான். பாதி வழியில் மழை பிடித்தது. ஊர் சேர்ந்தபோது கொட்டியது. வீட்டுக் காவலுக்கு இருந்த நடராசனின் அக்கா பொன்னம்மாள் புடவையைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். கனத்துக்கு நாலு நெல் மூட்டை கேட்டான். குதிர் அறைச் சாவி முத்தாயி இடுப்பில் போய்விட்டது என்றாள். திரும்பிப் போகிற வழியில் ஓடை ஒன்று உண்டு, வரும்போது அது நனைந்திருக்கவில்லை, ஆனால் இரு கரையும் சுத்தக் கரிசல். வெறும் வண்டி அதில் இறங்கினால் அப்படியே உட்கார்ந்துவிடும். நேரே காலனிக்கு விட்டான்.

இருசம்மாள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்திரி. கல்லு வேணும்."

"தூக்கிக்க."

குனிந்து பிடித்துப் பார்த்தான். அசையவில்லை. சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குச் சிமெண்டு பூசி, கல்லைத் தரையோடு பதித்திருந்தது. காய்ந்து பாசி பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"எப்ப பூசுன?"

"மூணு வாரம் ஆச்சு. நீ இந்தப் பக்கம் எட்டிப் பாத்தாத்தான தெரியும்."

மூன்று வாரம் அந்த வீட்டில் தின்று தூங்கியவன் அவன். மழையைப் பார்த்தான், கையில் இருந்த புடவையைப் பார்த்தான். மணி ஒன்பது தாண்டியிருந்தது.

இருசம்மாள் கையைக் கழுவினாள். "கனந்தான வேணும். நானும் உண்ணாமலையும் ஏறிக்கிறோம். அவ ஒருத்தியே ஒரு கல்லு கனம் இருப்பா."

"பொம்பளைங்கள வச்சுக்கிட்டா நான் வண்டி ஓட்டுறவன்?"

"அப்ப மாடு கட்டிக்க."

அவன் பின்சீட்டில் ஒரு சாக்கை விரித்து, "காலைக் கழுவிக்கிட்டு ஏறுங்க" என்று மட்டும் சொன்னான். அவ்வளவு மழையில் யார் காலை எதற்குக் கழுவுவது என்று உண்ணாமலை கேட்டாள்.

ஓடைச் சரிவில் இறங்கும்போது வண்டியின் பின்பக்கம் இடது கைப்பக்கமாக நழுவியது. அவனும் ஸ்டீரிங்கை அந்தப் பக்கமே ஒரு பிடி திருப்பி, காலை எடுக்காமல், அழுத்தாமல் வைத்திருந்தான். "நடுவுல உக்காருங்க. சாயாதீங்க" என்றான். இருவரும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார்கள். சக்கரம் அரைச் சுற்று வீணாகச் சுற்றியது, பிறகு கடித்துப் பிடித்தது. எதிர்க்கரையில் வண்டி ஏறி நின்றபோது, "நல்லாத்தான் ஓட்டுற" என்றாள் இருசம்மாள். பன்னிரண்டு வருஷத்தில் அவன் வண்டி ஓட்டி அவள் பார்த்தது அன்றுதான். அவனுக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் இளித்துக்காட்டவில்லை.

பத்து மணிக்குப் பெண் வீட்டு வாசலில் நின்றான். நடராசன் குடையோடு வந்து புடவையை வாங்கிக்கொண்டு, பின்சீட்டை எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. வாசலில் சம்பந்தி வீட்டார் நின்றுகொண்டிருந்தார்கள்.

"யாருடா இது, பின்னாடி?"

என் சம்சாரம் என்று சொல்ல இரண்டே வார்த்தை. அதைச் சொன்னால் அவர் என்ன செய்திருப்பார் என்று யாருக்கும் தெரியாது, ஒருவேளை ஒன்றும் செய்திருக்கமாட்டார். உத்திராபதி குடைக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றான்.

"கனத்துக்குங்க" என்றான். "சேத்துல வண்டி வரணும்ல. நம்ம காலனிப் பொம்பளைங்க."

"வாசல்ல வச்சுக்கிட்டு நிக்காத. கொண்டுபோய் எறக்கிவிட்டுட்டு, சீட்டைக் கழுவிட்டுப் பன்னெண்டு மணிக்கு வா."

"சரிங்க."

ஸ்டாண்டில் ஒருவரையும் விட்டு வைக்காத அந்த வாய் அவ்வளவுதான். பின்கதவுக் கண்ணாடி முழுக்க ஏற்றியிருக்கவில்லை. பேசியது முழுக்கப் பின்சீட்டில் விழுந்தது.

திரும்புகிற வழியில் உண்ணாமலை மட்டும் பந்தலைப் பற்றியும் வாழைமரத்தைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தாள். மழை விட்டிருந்தது. ஓடை வந்தது. உத்திராபதி செகண்ட் கியரில் போட்டு மெல்ல இறங்கி, நடு ஓடைக்கு வந்தபோது பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. இருசம்மாள் ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள். பன்னிரண்டு வருஷமாகச் சேற்றில் பிரேக்கைத் தொடாதவன், கால் முழுக்க ஊன்றி மிதித்தான்.

வண்டி நின்றது. இருசம்மாள் இறங்கிப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தாள். உண்ணாமலைக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் சிநேகிதிக்காக அவளும் இறங்கினாள்.

"ஏ புள்ள, ஏறு. வண்டி பொதையுது."

"காலனிப் பொம்பளைங்களுக்கு நடந்து பழக்கம்" என்றாள் அவள், திரும்பாமல்.

அவன் ஆக்சிலேட்டரைத் தடவினான். பிறகு மிதித்தான். அவன் மற்றவர்களை எதற்கெல்லாம் கேலி செய்தானோ அதெல்லாம் செய்தான். கருவை முள்ளை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் போட்டான், கூழாங்கல்லைப் பொறுக்கிப் போட்டான். சக்கரம் எல்லாவற்றையும் வாங்கி அவன் சட்டை மேல் திருப்பித் துப்பியது. அரை மணியில் பின்பக்கம் அச்சு வரை இறங்கிவிட்டது. பெண்கள் இருவரும் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதவி கேட்டால் வந்திருப்பார்கள். அவன் கேட்கவில்லை.

கடைசியில் வந்தது பழனிவேல்தான். மேய்ச்சலுக்கு ஓட்டிவந்த நடராசன் வீட்டு மாடுகள், அதில் ஒரு ஜோடி உழவு மாடு. காரைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டான்.

"மாமா, கட்டட்டுமா, வேணாமா? நீயே சொல்லிடு."

உத்திராபதி மணியைப் பார்த்தான். பதினொன்றே முக்கால். "கட்டு" என்றான்.

வடக்கயிறு இல்லாமல் மாட்டுக் கயிற்றையே நாலாக முறுக்கி பம்பரில் கட்டினான் பழனிவேல். மாடுகள் இரண்டு அடி எடுத்து வைத்ததும் வண்டி சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை மாதிரி வெளியே வந்தது. அவ்வளவு சுலபமாக வந்ததுதான் உத்திராபதிக்குத் தாங்க முடியவில்லை. கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "நாளையிலேருந்து மாட்டுக்கு நீ வரியா, இல்ல நானேதான் வரணுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பழனிவேல் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனான்.

சபதத்தை உத்திராபதி நிறைவேற்றவில்லை. இன்னும் பதினோரு வருஷம் அதே வண்டியைத்தான் ஓட்டினான். ஸ்டாண்டில் மட்டும் வாயைத் திறக்காமல் டீ குடித்துவிட்டு வருவான். ஆனால் அன்றைக்கு அவன் நினைத்தது சாவியைப் பற்றி இல்லை.

மேட்டில் வண்டியைப் பெண்களுக்குப் பக்கத்தில் நிறுத்தி, எட்டி முன்கதவைத் திறந்துவிட்டான். நடராசன் உட்காரும் இடம். அதில் முத்தாயிகூட உட்கார்ந்ததில்லை. சாக்கும் விரிக்கவில்லை.

"ஏறு" என்றான்.

இருசம்மாள் அந்த சீட்டைப் பார்த்தாள். "அங்க உக்காந்தா வண்டிக்கு என்ன பிரயோசனம்?"

"ஒண்ணும் இல்ல. ஏறு."

"இத அங்க வாசல்ல வச்சுச் சொல்லியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் நடக்கத் தொடங்கினாள்.

உண்ணாமலை கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு, "எனக்கு முட்டி வலிக்குதுடி" என்று பொதுவாகச் சொல்லி, சேற்றுக் காலோடு முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உத்திராபதி வண்டியை முதல் கியரில் போட்டு, இருசம்மாளை முந்தாமல், அவள் நடைக்கு நடை பின்னாலேயே ஊர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தான்.