திரையில் வைத்த மைப்பொட்டு

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவின் கோல சிலாங்கூர் அச்சகம் ஒன்றில் எனக்குக் கணினியில் படம் திருத்தும் வேலை. முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியின் மகன். கணினி வந்த அன்றே சொல்லிவிட்டார்: "இதிலை ஒரு பிழை விட்டீரெண்டால், திரும்பிப் போய்ப் பால்மரம்தான் வெட்டோணும்." நான் மரம் வெட்டிய லட்சணத்தை எங்களை மேய்த்த மண்டோரைக் கேட்டால் தெரியும். அங்கேயும் என்னைச் சேர்க்க மாட்டார்கள்.

அந்தப் பயத்தில், கண்ணு படாமல் இருக்கட்டும் என்று யாருக்கும் தெரியாமல் திரையின் இடது மூலையில் மையால் ஒரு பொட்டு வைத்தேன். தூரிகை, அழிப்பான் என்று சின்னச் சின்னக் கறுப்புப் படங்களோடு கருவிப்பெட்டி நிற்கும் இடம் அது. பொட்டு அதில் கலந்துபோனது, நானும் மறந்துபோனேன். வாரம் ஒருமுறை திரையைத் துடைப்பது என் வேலைதான். துடைத்தால்தானே!

ஒரு நாள் காலை, அந்தப் பெட்டியை இழுத்து நகர்த்தலாம் என்று கண்டுபிடித்தேன். பால் வெட்டும் கத்தியை வலது பக்கம் செருகிப் பழகியவன் நான். கருவி இடப்பக்கம் இருந்தால் கைக்கு எட்டாதாம்! பெட்டியை வலது ஓரத்துக்குத் தள்ளி, படத்தை இடது மூலைக்கு இழுத்துவிட்டு, பெரிய இஞ்சினியர் மாதிரி கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

படத்தில் இருந்தவர் சுங்கை புரோங் பக்கத்து வேதக்காரக் குடும்பத்து அம்மா; அந்தக் கிறிஸ்தவ வீடுகளில் யாரும் பொட்டு வைப்பதில்லை. மாலையில் அவருக்கு நினைவு ஜெபம். மதியத்துக்குள் அட்டை அச்சாக வேண்டும்.

பார்த்தால், அம்மாவின் நெற்றியில் கறுப்பாக ஒரு பொட்டு.

அழிப்பானை எடுத்துத் தேய்த்தேன். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன், என்னமோ மவுஸை அழுத்தினால் அழிப்பானுக்குப் பலம் கூடும் என்பதுபோல. பொட்டு அசையவில்லை, சுற்றியிருந்த நெற்றிதான் வெள்ளையாகப் போனது. கடைசியாகச் செய்த ஒன்றைத்தான் அந்த மென்பொருள் மீட்டுத் தரும். நான் நாற்பது தடவை தேய்த்திருந்தேன்.

பின்னால் செருப்புச் சத்தம். முதலாளியோடு அந்த அம்மாவின் கணவர்.

"தம்பி, எம் பொண்டாட்டி பொட்டு வெக்க மாட்டா லா."

கணவரே குனிந்து, எச்சில் தொட்ட கட்டைவிரலால் கண்ணாடியைத் துடைத்தார். பொட்டு விரலோடு வந்துவிட்டது. நெற்றியில் மிச்சமிருந்தது ஓட்டை.

"சேவ் பண்ணிட்டீரோ?" என்றார் முதலாளி.

"இல்லைங்கய்யா."

"ஏன்?"

"பயமா இருந்துச்சுங்கய்யா. வேற எதையும் தொடல."

முதலாளி படத்தைச் சேமிக்காமல் மூடித் திரும்பத் திறந்தார். நெற்றி முழுசாகத் திரும்பி வந்தது.

"இந்த மூளைக்கு மரமும் பால் தராது காணும். அச்சைப் போடும்!" கருவிப்பெட்டியை அவரே பழைய இடத்துக்கு இழுத்துவிட்டுப் போனார்.

கணவர் மட்டும் மை ஒட்டிய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே நின்றார். "கல்யாணத்துக்கு முன்னாடி வெச்சிருந்தா, தம்பி," என்றார்.

நான் அட்டைத் தாள்களை எண்ணுவதுபோல் பாவனை செய்தேன்.

மறுநாள் புதுப் பொட்டைக் கணினியின் முதுகில் வைத்தேன்.