முன்னால் உட்கார்ந்தவள்

என் அண்ணி அய்லியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை எங்கள் மினசோட்டா பக்கத்தில் நான் பார்த்ததில்லை. முறைக்குத்தான் அண்ணி, வயதில் என்னைவிட ஒன்று சின்னவள். பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசிப்பவள், மின்னல் வெட்டினால் கரண்டியைப் போட்டுவிட்டு மூலையில் போய் நிற்பாள். மார்ச் மாதத்தில் ஊரே உறைந்த ஏரி மேல் லாரி ஓட்டும், இவள் கரையிலிருந்து ஓரடி எடுத்து வைக்கமாட்டாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அப்படிப்பட்டவள் இருபத்திரண்டு வருடமாக, மே மாதம் பனி உருகிய கையோடு, என் அண்ணன் ருடியுடன் ஒரு வாரம் படகில் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தாள். கூடாரம், தூண்டில், இரண்டே பேர். ஏன் போகிறாய் என்று கேட்டால் சொல்வாள்: "கூடப் போனா பயமா இருக்கு மில்லி. போகாம வீட்ல உக்காந்திருந்தா அதைவிடப் பயமா இருக்கு."

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ருடிக்கு நாற்பது வயதில் சர்க்கரை வியாதி வந்தது. தினமும் காலையில் ஊசி. ஊசி போட்டபின் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி, வேர்த்து, உளறி, விழுந்துவிடுவான். வீட்டில் இரண்டு முறை விழுந்திருக்கிறான். வெளியே சொல்லக் கூடாது என்று எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தான். சுரங்கத்தில் வேலை செய்கிற ஆள், கௌரவம் மூக்கு நுனியில் இருக்கும்.

இன்னொரு கௌரவமும் உண்டு. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே காட்டுப்பாதையில் படகைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மற்றவர்கள் சாமானுக்காக இரண்டாம் நடை வருவார்கள். ருடி ஒரே நடையில் முடிப்பான். அதற்காகவே மூட்டையைக் கிளறிக் கிளறி எடையைக் குறைப்பான். அந்த வருடம், எண்பத்து மூன்றில், என் கண்ணெதிரேயே ஜாம் பாட்டிலையும் மிட்டாய்ப் பையையும் எடுத்து வெளியே வைத்தான்.

"அது உனக்காக வச்சது, ருடி" என்றாள் அய்லி.

"மிட்டாய் திங்க நான் என்ன ஸ்கூல் பையனா? மத்தியானச் சாப்பாடு ஏரிக்குள்ள நீந்திக்கிட்டு இருக்கு. புடிச்சோமா, கரையில பொரிச்சோமா, தின்னோமான்னு இருக்கணும்."

"மீன் கெடைக்கலன்னா?"

"எனக்கா?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நானும் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

படகில் எப்போதும் அவள் முன்னால், அவன் பின்னால். பின்னால் இருப்பவன்தான் திசை பிடிப்பவன். எட்டோ பத்தோ துடுப்பு போட்டதும் "ஹட்" என்பான், இருவரும் ஒரே நேரத்தில் துடுப்பைப் பக்கம் மாற்றிக்கொள்வார்கள். மாற்றும்போது அவனுடைய துடுப்பு அலுமினிய விளிம்பில் இடித்து 'டங்' என்று கேட்கும். முன்னால் இருப்பவள் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் படகு சாயும். இருபத்திரண்டு வருடத்தில் அவள் பார்த்ததெல்லாம் தண்ணீர்தான். புருஷன் என்பது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், ஒரு சத்தம்.

மூன்றாம் நாள். காலையில் ஊசி போட்டுக்கொண்டு அரைக் கிண்ணம் ஓட்ஸ் கஞ்சியோடு கிளம்பினான். பதினோரு மணிவரை தூண்டில் போட்டும் ஒரு ட்ரவுட் மீன்கூடத் தொடவில்லை. மேற்கிலிருந்து காற்று எழுந்தது. "இங்கேயே கரையேறி ஏதாவது தின்னுட்டுப் போகலாம்" என்றாள். "அந்தப் பக்கம் போயிட்டா மீன் நிச்சயம்" என்றான். பெரிய ஏரி. குறுக்கே கடக்க ஒரு மணி நேரம் ஆகும். பனி உருகிப் பத்து நாள்கூட ஆகாத தண்ணீர், விழுந்தால் நீச்சல் தெரிந்தவனுக்கும் சில நிமிடம்தான். அய்லி மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டியிருந்தாள். ருடி தன்னுடையதை வழக்கம்போல ஆசனத்தில் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

நடு ஏரி. ஹட், டங். ஹட், டங். அலைகள் முழங்கை உயரத்துக்கு வந்தன. அவள் தன் பாட்டுக்குத் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் உறைத்தது, வலது பக்கமே வெகுநேரமாகப் போடுகிறோம் என்று. பதினைந்து. இருபது. 'ஹட்' வரவில்லை.

"ருடி?"

படகின் மூக்கு மெல்ல விலகி, அலை பக்கவாட்டில் இடித்தது. ஒரு கை அளவு தண்ணீர் உள்ளே விழுந்தது. பின்னால் ஆள் இருக்கிறானா, விழுந்துவிட்டானா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்குமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இந்தக் காற்றில் கேட்டிருக்காது என்றும் தோன்றியது. கடைசியில் முழங்காலை மடித்து, விளிம்பைப் பற்றிக்கொண்டு, திரும்பிப் பார்த்தாள்.

இருந்தான். முகம் மாவு பூசினாற்போல் வெளுத்திருந்தது, அந்தக் குளிரிலும் வேர்த்து வழிந்தது. துடுப்பு மடியில் கிடந்தது. அவளைப் பார்த்தான், ஆனால் யாரென்று தெரிந்து பார்க்கவில்லை.

"நான் வீட்டுக்குக் கெளம்புறேன்" என்றான், நாக்குக் குழற. "ஷிப்டு முடிஞ்சிருச்சு." சொல்லிவிட்டு எழுந்து நிற்கப் போனான்.

படகு ஒரு பக்கம் சாய்ந்தது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே விரற்கடை இடைவெளிதான். "உக்காரு ருடி, உக்காரு" என்று கெஞ்சினாள். அவன் காதில் ஏறவில்லை. கெஞ்சல் அவனிடம் என்றைக்கு எடுபட்டது? என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே அவள் வாயிலிருந்து அவனுடைய குரலே வந்தது.

"ஹட்!"

பொத்தென்று உட்கார்ந்தான். கை தானாகத் துடுப்பை எடுத்தது. டங். தண்ணீரில் இறங்கியது. மனிதன் அங்கே இல்லை, கை மட்டும் வேலைக்கு வந்திருந்தது.

இதற்கப்புறம் நடந்ததைத்தான் அய்லி எனக்குச் சொல்லும்போது இரண்டு முறை நிறுத்தினாள். நேர் எதிரே, அரை மைலில், ஒரு தீவு. அங்கே போய்ச் சேர வேண்டுமானால் அவள் முன்னால் பார்த்துத் துடுப்பு போட்டாக வேண்டும். அதாவது, எந்த நிமிடமும் எழுந்து நிற்கக்கூடியவனுக்கு, எந்த நிமிடமும் தண்ணீரில் சாயக்கூடியவனுக்கு, முதுகைக் காட்டியாக வேண்டும்.

காட்டினாள். எட்டுத் துடுப்பு, "ஹட்." காதைத் தீட்டிக்கொண்டாள். டங். இருக்கிறான். மறுபடி எட்டு, "ஹட்." டங். இருக்கிறான். மூக்கு விலகும்போதெல்லாம் துடுப்பை அகலமாக வீசித் தன் பக்கம் இழுத்தாள். தோள் எரிந்தது. ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும், இந்த முறை சத்தம் வராது என்று பயந்தாள். ஒரு முறை டங் தாமதித்தது. பிறகு கேட்டது, மெல்ல.

கரைக்கு நூறடி இருக்கும்போது 'ஹட்' என்றாள். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னாள். வரவில்லை. அவள் திரும்பவில்லை. திரும்பினால் தன் கை நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கத்திக்கொண்டே, அழுதுகொண்டே, கற்களில் படகு உரசும்வரை துடுப்பு போட்டாள்.

படகுக்குள் மூட்டை மேல் குப்புற விழுந்து கிடந்தான். மூச்சு இருந்தது. மூட்டையைப் பிடுங்கிக் கிழித்தாள். காலையில் கலந்து குடிக்க அவனே விட்டுவைத்த, சர்க்கரை சேர்த்த ஆரஞ்சுப் பொடி டப்பா கிடைத்தது. விரலில் ஒற்றி ஒற்றி அவன் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தாள். நினைவில்லாமலே அவள் விரலைக் கடித்தான். இரத்தம் வந்தது. எடுக்காமல் தேய்த்தாள். கால் மணி கழித்துக் கண் திறந்தான்.

"ஏன் அழறே?" என்றான். பிறகு சுற்றிலும் பார்த்தான். "அட, இந்தக் காத்துல இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்திருக்கேன் பாரு."

கடிபட்ட விரலை அவன் முன்னால் நீட்டினாள். அப்புறம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

காற்று அடங்க இரண்டு நாளாயிற்று. கிளம்பும்போது அய்லி நேராகப் போய்ப் பின்னால் உட்கார்ந்தாள். "எறங்கு, அது என் எடம்" என்றான் அவன். "நீ முன்னாடி உக்காரு. நான் உன்னப் பாத்துக்கிட்டே வரணும். மாட்டேன்னா தனியாப் போ, நான் இந்தக் கல்லு மேலயே இருக்கேன்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை எதிர்த்து அவள் பேசிய முதல் பேச்சு அது. முன்னால் போய் உட்கார்ந்தான்.

குறித்த நாளில் அவர்களை ஏற்றிப் போக லாரியோடு நான் துறையில் நின்றேன். வேறு நான்கு படகுக்காரர்களும் நின்றார்கள், எல்லாரும் தெரிந்த முகங்கள். படகு வளைவில் திரும்பியபோது பின்னாலிருந்து அய்லியின் குரல் "ஹட்" என்றது. ருடி துடுப்பை மாற்றினான். பத்துத் துடுப்பு போவதற்குள் அவன் குரல் தண்ணீர் மேல் தெளிவாக வந்தது.

"அய்லி, இருக்கியா?"

"இருக்கேன். போடு."

மறுபடியும் கொஞ்ச தூரத்தில், "இருக்கியா?"

துறையில் ஒருவன் சிரித்தான். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. படகு கரையைத் தொட்டதும் கேட்டேன், "என்னண்ணே, அண்ணி எங்க ஓடிப்போயிடப் போறா? நிமிஷத்துக்கு ஒரு தடவ ஆஜர் எடுக்கறே?"

அவன் அத்தனை பேரையும் பார்த்தான். சட்டை நனைந்திருந்தது. "எனக்குச் சர்க்கரை வியாதி" என்றான் எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு என்னிடம் சொன்னான்: "நீயும் ஒரு நாள் முன்னாடி உக்காந்து பாரு மில்லி. பின்னாடி ஆள் இருக்கா இல்லையான்னே தெரியல. இருபத்திரண்டு வருஷம் இவ இப்படித்தான் உக்காந்திருந்தா."