மிஞ்சிய தண்ணீர்

கட்டாரில் இருக்கும் மகள்தான் பிடிவாதம் பிடித்து, கல்முனையில் ஆள் பிடித்து, அந்தத் தண்ணீர் மெசினை எங்கள் குசினிச் சுவரில் பூட்ட வைத்தாள். கடல் ஊருக்குள் வந்து போனதிலிருந்து எங்கள் கிணற்றில் சவர்த்தன்மை. அதைக் குடித்துத்தான் நானும் மனைவியும் இருந்தோம். மனைவி மௌத்தான பிறகு மகளுக்குப் பயம் பிடித்துவிட்டது. வாப்பாவைத் தனியே விட்டாயிற்று, தண்ணீராவது நல்லதாக இருக்கட்டும் என்று நினைத்தாள் போலும்.

மெசினுக்குள் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு மோட்டர் தண்ணீரை மெல்லிய சவ்வொன்றின் மேல் அழுத்தித் தள்ளும். தண்ணீர் அதில் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். உப்பால் புக முடியாது. ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுப்பதற்குள் அதைவிடக் கூடுதலான தண்ணீர் இன்னொரு குழாயால் வெளியே போய்விடும். கிடைப்பதும் சப்பென்றிருக்கும். உப்போடு சத்தையும் ருசியையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது. அதில் தேத்தண்ணி ஊற்றினால் வேறு யாருடைய வீட்டிலோ குடிப்பது போலிருக்கும். ஆனாலும் மோட்டர் உறுமும்போது வீட்டில் ஆள் இருப்பது மாதிரி ஒரு நினைப்பு வரும். அதற்காகவே சும்மாவும் போட்டுவிடுவேன்.

வெளியே போகும் தண்ணீர்தான் கண்ணை உறுத்தியது. மனைவி தண்ணீர் விஷயத்தில் பொல்லாதவள். நான் தொழுகைக்குக் கை கால் கழுவி வுளுச் செய்யும்போது குழாய் கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருந்தால் போதும், அவள் சமைக்கும் குசினிக்குள்ளிருந்தே சத்தம் வரும்.

"இஞ்ச, தண்ணிய வீணாக்காதீங்க. நாளைக்கு மறுமையில இதுக்கும் கேள்வி கணக்கு இரிக்கி."

நான் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் திறப்பேன்.

அவளை அடக்கிய கபுறில் எங்கள் வளவு மல்லிகையின் கிளை ஒன்றை நட்டிருந்தேன். பச்சையாக நிற்கும்வரை அது இறைவனைத் துதித்துத் தஸ்பீஹ் செய்யும், உள்ளே இருப்பவருக்கு வேதனை லேசாகும் என்பது எங்கள் நம்பிக்கை. அதுவரை கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றினேன், அது துளிர்த்துமிருந்தது. இனி வீணாகும் தண்ணீரையே கொண்டுபோகலாம், அவளுக்கும் சந்தோஷமாயிருக்கும் என்று தோன்றியது. மெசினுக்குக் கீழே ஒரு வாளி வைத்தேன். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு, போத்தல்களில் நிரப்பிக்கொண்டு, சைக்கிளில் மையவாடிக்குப் போவேன். அந்த நாட்களில் நான் வாய் திறந்து கதைத்தது பெரும்பாலும் அங்கேதான்.

இலை நுனிகள் கருகத் தொடங்கின. வெயில் காலம்தானே என்று இன்னும் கூடுதலாக ஊற்றினேன். இலையெல்லாம் கொட்டிவிட்டது. மகள் வீடியோ கோல் எடுத்தபோது கபுறடியில்தான் நின்றேன். போனைத் திருப்பிக் கன்றைக் காட்டினேன்.

"என்ன தண்ணி வாப்பா ஊத்துறீங்க?"

"மெசினால வெளிய போற தண்ணிதான் மகள். சும்மா வீணாப் போகுதே."

அவள் போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து கன்றைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "உப்பு எங்க வாப்பா போகும்? அந்தத் தண்ணியிலதானே எல்லாம் சேர்ந்து வாற. கிணத்துத் தண்ணிய விட அது மோசம்."

"ஓம் மகள்" என்றேன்.

போனை வைத்துவிட்டுக் கிளையைக் கிள்ளிப் பார்த்தேன். உள்ளேயும் பச்சை இல்லை. வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் மனைவியின் சொல்லைக் கேட்டு நடந்தேன். அந்த மணலிலேயே குந்தியிருந்து அழுதேன்.

இப்போது வேறு கிளை நட்டிருக்கிறேன். மெசினின் நல்ல தண்ணீர் அதற்குத்தான் போகிறது. நான் பழையபடி கிணற்றுத் தண்ணீரே குடிக்கிறேன். மகளுக்கு இது தெரியாது.

நேற்று மெசினைப் போட்டுவிட்டுக் கதிரையில் இருந்தேன். வாளி நிறைந்து, வழிந்து, தண்ணீர் குசினி நிலமெல்லாம் ஓடியது. நான் எழும்பவில்லை. மனைவியின் சத்தம் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.